யாருக்கு, எங்கே, எவ்வளவு?

முப்பது பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம். அங்கே இருபது கணினிகள். இரண்டு ஷிஃப்ட் நடப்பதால் சில மேசைகளில் காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் உட்காருகிறார்கள். கணக்குப் பிரிவின் கணினிகளில் அந்தப் பிரிவினர் மட்டுமே நுழையலாம். வரவேற்பறைக் கணினியில் யாரும் நுழையலாம். ஆனால் அதில் பென்டிரைவ் செருகக் கூடாது. சம்பளப் பட்டியல் இருக்கும் ஃபோல்டரை இரண்டு பேர்தான் திறக்கலாம். அவர்களிலும் ஒருவர் பார்க்கலாமே தவிர மாற்றக் கூடாது. மேலாளர் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபைல்கள் அவர்முன் வர வேண்டும்.

வாயால் சொல்லிவிட எளிய விதிகள் இவை. இவற்றைக் கணினிகளுக்குப் புரியவைக்கும் முறை முழுதாகக் கனிந்து, சாதாரண அலுவலகங்களின் கைக்கு வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது பேர், இருபது கணினிகள். இவர் இதில் நுழையலாமா, கூடாதா என்று மட்டும் கேட்டால்கூட 600 முடிவுகள் எடுக்க வேண்டும். கடையில் வாங்கிவந்த கணினிகளைக் கேபிளால் இணைத்து அப்படியே விட்டால், ஒவ்வொரு கணினியும் தன் ஆட்களின் பட்டியலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். விண்டோஸில் இந்த அமைப்புக்கு ஒர்க்குரூப் என்று பெயர். ஒரு கணினியில் பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற பத்தொன்பதுக்கும் அது தெரியாது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் இருபது இடங்களில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் இருபது இடங்களில் நீக்க வேண்டும். பத்தொன்பது இடங்களில் நீக்கிவிட்டு ஒன்றை மறந்தால் அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்றுதான் பொருள்.

இந்த வேலைக்கு அஞ்சி அலுவலகங்கள் கடைசியில் ஒரே முடிவுக்கு வருகின்றன. எல்லாக் கணினிகளிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, எல்லோருக்கும் அட்மின் உரிமை. அந்த நாளோடு கட்டுப்பாடு என்பதே இல்லாமல் போகிறது.

இதிலிருந்து மீளும் வழி, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்ததில்தான் பிறந்தது. ‘நீ யார்?’ என்பது முதல் கேள்வி. ‘உனக்கு இங்கே எவ்வளவு உரிமை?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அலுவலகம் முழுவதற்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்க வேண்டும். இரண்டாவதை ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு ஃபோல்டரும் தானே கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்ட இடங்களிலெல்லாம் விபத்து நடந்திருக்கிறது.

ஒரே இயந்திரம், பல பேர்

1960களின் தொடக்கத்தில் கணினி என்றால் ஓர் அறையை அடைக்கும் இயந்திரம். அதன் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கும் ஒரே சமயத்தில் பகிர்ந்து கொடுக்கும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் இயக்கிக் காட்டியது. பலர் வந்து சேர்ந்ததும் புதிய கேள்விகள் எழுந்தன. ஒருவருடைய ஃபைலை மற்றவர் தொடாமல் காப்பது எப்படி? ஒருவருக்கு ஒதுக்கிய நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளாமல் தடுப்பது எப்படி? ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்பது கார்பாட்டோ குழுவின் விடை.

அடுத்த ஆண்டே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு, ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் இருந்த ஃபைலை அச்சிட்டுத் தரும்படி ஒரு துளை அட்டையில் எழுதிக் கொடுத்தார். இயந்திரம் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பிறகு மற்றவர்களின் பெயரில் நுழைந்து தன் ஆய்வைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதைச் சொன்னார். அனைவரையும் கட்டுப்படுத்தும் பட்டியலுக்கு மட்டும் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் இருந்ததுதான் கோளாறு.

இந்தப் பாடத்திலிருந்து கிளைத்தது ஒரு முக்கியமான யோசனை. பாஸ்வேர்டை அப்படியே எழுதிவைக்காமல், திரும்ப அவிழ்க்க முடியாதபடி குழைத்து, அந்தக் குழைவை மட்டும் வைத்துக்கொள்வது. 1960களிலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதாம் இதைச் செய்தார். ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்து குழைக்கும் முறையை, பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979ல் விவரித்து எழுதினார்கள். இன்றைய பெரும்பாலான லாகின் திரைகளுக்குப் பின்னால் இந்த முறையின் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது.

நெடுக்கும் குறுக்கும்

‘எவ்வளவு உரிமை?’ என்ற கேள்விக்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர் பட்லர் லாம்ப்சன். 1971ல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஒரே அட்டவணையாகப் பார்த்தார். இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள். மேலே ஃபைல், பிரிண்டர், கணினி என்று பொருள்களின் பெயர்கள். ஆளும் பொருளும் சந்திக்கும் கட்டத்தில் ‘படிக்கலாம்’, ‘எழுதலாம்’, ‘இயக்கலாம்’ என்று எழுதியிருக்கும். வெற்றுக் கட்டம் என்றால் அனுமதி இல்லை.

முழு அட்டவணையையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே இருக்கும். ஆகவே அதை வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நெடுக்காக வெட்டினால் ஒவ்வொரு பொருளோடும் ‘என்னை யார் யார் தொடலாம்’ என்ற பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கும். குறுக்காக வெட்டினால் ஒவ்வோர் ஆளின் கையிலும் ‘நான் எதையெதைத் தொடலாம்’ என்ற பட்டியல் இருக்கும். இன்று நம் அலுவலகங்களில் இருக்கும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் பெரும்பாலும் நெடுக்காகவே வெட்டுகின்றன. ஒரு ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால் நாம் பார்ப்பது லாம்ப்சன் அட்டவணையின் ஒரு நெடுவரிசைதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. ‘சம்பள ஃபோல்டரை யார் திறக்கலாம்?’ என்ற கேள்விக்கு ஒரு நொடியில் விடை வரும். ‘இந்த ஆள் எதையெல்லாம் திறக்கலாம்?’ என்று கேட்டால் எல்லாக் கணினிகளின் எல்லா ஃபோல்டர்களையும் தேட வேண்டும். ஒருவர் பணியிலிருந்து விலகும் நாளில் நமக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடை. அது நம்மிடம் கைவசம் இருப்பதில்லை. இதை முன்கூட்டியே உணர்ந்து ஏற்பாடு செய்வதுதான் நல்ல நிர்வாகத்தின் தொடக்கம்.

1975ல் எம்.ஐ.டி.யின் ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் இந்தத் துறைக்கே அடித்தளமான ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் எட்டு வடிவமைப்பு விதிகள் இருந்தன. அவற்றில் மூன்று இந்த அத்தியாயத்துக்கு உயிர் போன்றவை. ஒன்று, ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான அளவு உரிமையே தர வேண்டும். அதற்கு மேல் துளியும் கூடாது. இரண்டு, குறிப்பிட்டு அனுமதிக்காத எதுவும் மறுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். மூன்று, கட்டுப்பாடு மனிதர்கள் இயல்பாகக் கைக்கொள்ளும்படி எளிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சொன்னதை நம்பிய இயந்திரங்கள்

1980களில் அறையை அடைத்த கணினி போய், மேசைக்கொன்று வந்தது. கேபிள்கள் அவற்றை இணைத்தன. ஒரே இயந்திரத்துக்குள் இருந்த அட்டவணை பல இயந்திரங்களில் சிதறியது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ‘அந்தக் கணினியில் ஏற்கெனவே நுழைந்திருப்பவரை இங்கே பாஸ்வேர்டு கேட்காமல் விடு’ என்று ஒரு சிறு ஃபைலில் எழுதிவைத்தால் போதும். சன் நிறுவனம் 1984ல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். என்ற ஃபைல் பகிர்வு முறையிலும் இதே நம்பிக்கைதான். ஃபைல் கேட்கும் கணினி ஓர் எண்ணை அனுப்பும். ஃபைல் சர்வர் அதை அப்படியே ஏற்கும். ஒரு கணினியில் 1001 என்ற எண் கணக்காளருக்கும் இன்னொன்றில் அதே எண் சரக்கறை உதவியாளருக்கும் கொடுக்கப்பட்டிருந்தால், கணக்காளரின் ஃபைல்கள் உதவியாளருக்கும் திறக்கும். யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

1988 நவம்பர் 2 அன்று இந்த நம்பிக்கை சோதனைக்கு வந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் எழுதிய ஒரு நிரல், எம்.ஐ.டி.யின் ஒரு கணினியிலிருந்து இணையத்தில் பரவத் தொடங்கியது. மின்னஞ்சல் மென்பொருளிலும் வேறொரு சேவையிலும் இருந்த பிழைகளை அது பயன்படுத்தியது. அதோடு, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துப் பாஸ்வேர்டுகளை ஊகித்தது. ஒரு கணினியில் ஒருவருடைய பாஸ்வேர்டு கிடைத்துவிட்டால், அவரை நம்பும் மற்றக் கணினிகளுக்கு அவர் பெயரிலேயே தாவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். பாஸ்வேர்டைக் காக்கும் முறையை 1979ல் எழுதிய ராபர்ட் மோரிஸின் மகன்தான் இந்த மாணவர்.

ஒரு கணினி இன்னொரு கணினியின் சொல்லை நம்பி ஆளை உள்ளே விடக் கூடாது என்பதை அந்த நிரல் உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது.

அதீனா கண்ட விடை

விடை அதே எம்.ஐ.டி.யில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் எக்யூப்மென்ட், ஐ.பி.எம். நிறுவனங்களின் துணையுடன் 1983ல் அங்கே புராஜெக்ட் அதீனா தொடங்கியது. வளாகத்தின் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் மாணவருக்கு அவருடைய ஃபைல்கள் கிடைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பொது அறையில் இருக்கும் கணினியை அதன் முன்னால் உட்காருபவர் என்ன வேண்டுமானாலும் செய்துவிட முடியும். ஆகவே அந்தக் கணினி ‘இவர் இன்னார்’ என்று சொன்னால் ஃபைல் சர்வர் நம்பக் கூடாது. கேபிளில் ஒட்டுக்கேட்பவர்களும் இருக்கலாம் என்பதால் பாஸ்வேர்டையும் நெட்வொர்க்கில் அனுப்பக் கூடாது. அப்படியானால் ஆளை எப்படி அறிவது?

இதற்கான கணிதத்தை நீதாமும் ஷ்ரோடரும் 1978லேயே எழுதியிருந்தார்கள். கேம்பிரிட்ஜின் அதே நீதாம், 1975 கட்டுரையின் அதே ஷ்ரோடர். அதீனாவில் ஸ்டீவ் மில்லரும் கிளிஃபர்ட் நியூமனும், சால்ட்ஸர் உள்ளிட்டோருடன் சேர்ந்து, அந்தக் கணிதத்தை நடைமுறை அமைப்பாக்கினார்கள். கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரால் அது கெர்பரோஸ் என்று அழைக்கப்படுகிறது.

அது இயங்கும் விதம் அழகானது. எல்லோருடைய ரகசியச் சாவிகளையும் அறிந்த ஒரே ஒரு சர்வர் இருக்கும். மாணவர் தன் பெயரைத் தட்டியதும், அந்த சர்வர் ஒரு தற்காலிகச் சாவியை அந்த மாணவரின் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கும் சாவியால் பூட்டி அனுப்பும். பாஸ்வேர்டு தெரிந்தவரால்தான் அதைத் திறக்க முடியும். பாஸ்வேர்டு அவர் உட்கார்ந்திருக்கும் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. கூடவே ஒரு டிக்கெட்டும் வரும். ஃபைல் சர்வரை அணுக வேண்டுமென்றால், முதல் டிக்கெட்டைக் காட்டி அந்த சர்வருக்கென்றே தனி டிக்கெட் வாங்க வேண்டும். அது ஃபைல் சர்வரின் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். வழியில் யாராலும் திருத்த முடியாது. ரயிலில் வரும் பரிசோதகருக்குப் பயணியைத் தெரியாது, ஆனால் டிக்கெட்டை யார் வெளியிட்டார்கள் என்று தெரியும். அதுபோல் ஃபைல் சர்வர் மாணவரையோ அவருடைய கணினியையோ நம்புவதில்லை, டிக்கெட் வெளியிட்ட இடத்தை மட்டும் நம்புகிறது.

அலுவலகங்களில் அன்றாடம் எழும் பல புதிர்களுக்கு இந்த அமைப்பிலேயே விடை இருக்கிறது. ஒருவர் அனுப்பிய செய்தியைப் பிடித்து வைத்து இன்னொருவர் மறுபடி அனுப்பாமல் தடுக்க, ஒவ்வொரு வேண்டுகோளிலும் நேரம் குறிக்கப்படுகிறது. விண்டோஸின் இயல்பான அமைப்பில் இரு கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் டிக்கெட் செல்லாது. தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போன கணினியில், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் லாகின் ஆகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணையில், நிறுவனங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசிய நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. யார் எப்போது எங்கே நுழைந்தார் என்று பின்னால் அறிய வேண்டுமானால் எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்ட வேண்டும்.

இன்னொரு புதிர். ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்த பிறகும் ஃபோல்டர் திறக்கவில்லை என்பார். விண்டோஸில் அவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற தகவல், காலையில் நுழைந்தபோதே டிக்கெட்டோடு வந்துவிட்டது. வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் புதிய தகவல் வரும். இதன் மறுபக்கம் சற்று ஆபத்தானது. ஒருவருடைய கணக்கை முடக்கினாலும், அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் டிக்கெட் காலாவதியாகும்வரை சில சேவைகளில் செல்லுபடியாகும். அந்தக் காலம் விண்டோஸில் வழக்கமாக 10 மணி நேரம். அவசரமாக ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் கணக்கை முடக்குவதோடு நிற்காமல், திறந்திருக்கும் அவருடைய இணைப்புகளையும் துண்டிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே ஏடு

மைக்ரோசாஃப்ட் 1993ல் விண்டோஸ் என்.டி.யில் டொமைன் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000ல் ஆக்டிவ் டைரக்டரி வந்தது. ஆட்கள், கணினிகள், குழுக்கள் எல்லாம் ஒரே ஏட்டில் பதிவாயின. ஆளை அறியும் வேலையைக் கெர்பரோஸ் ஏற்றது. ஏட்டைத் தாங்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். உரிமக் கட்டணம் கட்ட இயலாத சிறு அலுவலகங்களும் இதை இழக்க வேண்டியதில்லை. இலவச மென்பொருளான சாம்பா, 2012 இறுதியில் வந்த அதன் 4.0 பதிப்பிலிருந்து, லினக்ஸ் கணினியில் இருந்தபடியே டொமைன் கன்ட்ரோலராக வேலை செய்கிறது.

ஏட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் எஸ்.ஐ.டி. என்ற நீண்ட எண் உண்டு. ஃபோல்டர்களின் பட்டியல்களில் எழுதப்படுவது அந்த எண்ணே. ஒருவருடைய கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் புதிய எண் பிறக்கும். பழைய உரிமைகள் எதுவும் வராது. அனுபவமுள்ள நிர்வாகிகள் கணக்கை உடனே அழிக்காமல் முடக்கி மட்டும் வைப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆட்களின் பெயர்களை நேரடியாக ஃபோல்டர்களில் எழுதக் கூடாது என்பது அடுத்த பாடம். முப்பது பேரையும் நாற்பது ஃபோல்டர்களையும் நேரடியாக இணைத்தால் 1,200 கட்டங்கள். ‘கணக்காளர்’, ‘வரவேற்பாளர்’, ‘மேலாளர்’ என்று ஐந்து பொறுப்புகளை வகுத்து, பொறுப்புக்கு உரிமை, ஆளுக்குப் பொறுப்பு என்று பிரித்தால் 200 கட்டங்களும் முப்பது பெயர்களும் போதும். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்டின் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992ல் இந்த முறைக்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். லாம்ப்சன் அட்டவணையை நெடுக்காக வெட்டியதால் இழந்த விடை இதில் திரும்பக் கிடைக்கிறது. ஒருவர் எதையெல்லாம் தொடலாம் என்று அறிய அவருடைய பொறுப்புகளைப் பார்த்தால் போதும். பொறுப்பு மாறும்போது ஒரே ஓர் இடத்தில் பெயரை எடுத்தால் நாற்பது ஃபோல்டர்களிலும் உரிமை நீங்கும்.

ஆளுக்கா, கணினிக்கா?

டொமைன் வந்துவிட்டாலே எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஒரு கணினியை டொமைனில் சேர்த்ததும், டொமைனின் எல்லா ஆட்களும் அதில் நுழையலாம் என்பதுதான் விண்டோஸின் இயல்பான அமைப்பு. கணக்குப் பிரிவின் கணினியில் வரவேற்பாளர் நுழையக் கூடாதென்றால் அதை நாமாகச் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஆளின் கணக்கில் ‘இவர் இன்னின்ன கணினிகளில் மட்டும் நுழையலாம், இந்த நேரத்தில் மட்டும்’ என்று எழுதுவது ஒரு வழி. ஒன்றிரண்டு பேருக்கு இது சரி. ஆட்கள் பெருகினால் கட்டுப்படியாகாது. கணினிகளைப் பிரிவுவாரியாகத் தொகுத்து, ‘இந்தத் தொகுப்பில் இந்தக் குழுவினர் மட்டும் நுழையலாம்’ என்று டொமைனின் குரூப் பாலிசி என்ற விதித்தொகுப்பில் எழுதுவது இரண்டாவது வழி. புதிய கணினி வந்தால் அதைத் தொகுப்பில் போட்டாலே விதி தானாக வந்துவிடும்.

குரூப் பாலிசியில் கணினிக்கான விதிகள், ஆளுக்கான விதிகள் என இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஆளுக்கான விதி அவர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். மேலாளருக்கு அவருடைய அறையில் எல்லாம் திறந்திருக்கலாம். அதே மேலாளர் வரவேற்பறைக் கணினியில் உட்காரும்போது, வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்கும் அந்தத் திரையில் அதே சுதந்திரம் கூடாது. இதற்கென்றே லூப்பேக் என்ற ஏற்பாடு உண்டு. யார் நுழைந்தாலும் அந்தக் கணினிக்குரிய விதிகளே அவருக்கும் பொருந்தும். நூலகம், வங்கிக் கவுன்ட்டர், தேர்வுக்கூடம் போன்ற இடங்களில் இது இன்றியமையாதது.

விதிகள் மோதினால் வரிசை உண்டு. கணினியின் சொந்த விதி, பிறகு அது இருக்கும் கிளையின் விதி, டொமைனின் விதி, கடைசியாக அது சேர்ந்திருக்கும் தொகுப்பின் விதி. பின்னால் வருவது முன்னதை வெல்லும். மாற்றிய விதி உடனே எட்டாது. கணினிகள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்கும். எல்லாம் ஒரே நொடியில் சர்வரை மொய்க்காதிருக்க, அதோடு 30 நிமிடம்வரை தற்செயலாகக் கூட்டப்படும்.

ஃபோல்டர்களில் ஒரு பொறி இருக்கிறது. நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டருக்கு இரண்டு பட்டியல்கள்: பகிர்வுக்கு ஒன்று, டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கு ஒன்று. நெட்வொர்க் வழியே வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது இறுக்கமோ அதுவே செல்லும். ஆனால் அந்தக் கணினியின் முன்னாலேயே உட்காருபவருக்குப் பகிர்வின் பட்டியல் குறுக்கே வராது. பகிர்வில் மட்டும் கட்டுப்பாடு வைத்தவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். கட்டுப்பாட்டை ஃபைலிலேயே வைப்பதுதான் பாதுகாப்பு.

ஒன்று விழுந்தால் எல்லாம் விழுமா?

2017 ஜூன் 27. உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் வழியே நாட்பெட்யா என்ற நாசகார நிரல் கிளம்பியது. அது விண்டோஸின் ஒரு பிழையைப் பயன்படுத்தியது. அதைவிட முக்கியம், பிடித்த கணினியின் நினைவகத்தில் கிடந்த லாகின் விவரங்களைத் திருடி, அந்த உரிமையோடு அடுத்த கணினிக்குப் போனது. ஒரு கணினியில் அட்மின் யாராவது நுழைந்திருந்தால், அவர் உரிமை எட்டும் தூரமெல்லாம் அதுவும் எட்டியது. பிழை திருத்தப்பட்ட கணினிகளும் இந்த வழியில் வீழ்ந்தன.

டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மார்ஸ்க் மிகப் பெரிய பலிகளில் ஒன்று. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும் என்ற எண்ணம். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எண்ணவில்லை. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும், தாக்குதலின்போது மின்வெட்டால் அணைந்திருந்ததால் தப்பியது. அந்த ஒரு பிரதியிலிருந்துதான் நிறுவனம் தன் ஏட்டை மீட்டது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவியதாக அதன் தலைவர் 2018ல் டாவோஸில் சொன்னார். நட்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர்.

இதிலிருந்து கிடைக்கும் பாடங்களைச் சிறு அலுவலகமும் பின்பற்றலாம். டொமைன் அட்மின் கணக்கால் சாதாரண மேசைக் கணினிகளில் நுழையவே கூடாது. அன்றாட வேலைக்கு ஒரு கணக்கு, நிர்வாக வேலைக்கு ஒரு கணக்கு என்று நிர்வாகி பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கணினியின் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். இருபது கணினிகளுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒன்றை இழப்பது இருபதையும் இழப்பதற்குச் சமம். இதைத் தானாகவே மாற்றி ஏட்டில் பத்திரப்படுத்தும் லேப்ஸ் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் 2015ல் இலவசமாக வெளியிட்டது. 2023லிருந்து அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஏட்டின் ஒரு பிரதி நெட்வொர்க்கோடு இணையாத இடத்தில் இருக்க வேண்டும். மார்ஸ்க்குக்கு அது தற்செயலாக வாய்த்தது. நாம் திட்டமிட்டே வைக்கலாம்.

கடைசிக் கட்டம் மனிதர்களுடையது

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் ஒரு சைபர் தாக்குதலால் தன் எரிபொருள் குழாய்களை நிறுத்தியது. கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. தாக்கியவர்கள் நுழைந்தது, வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வர உதவும் ஒரு பழைய வி.பி.என். வழியே. அது பயன்பாட்டில் இருக்க வேண்டியதே இல்லை என்றும், ஒரு பாஸ்வேர்டு தவிர அதற்கு வேறு காவல் இல்லை என்றும் நிறுவனத்தின் தலைமை அதிகாரி செனட்டில் சொன்னார். மறந்துபோன ஒரு நுழைவழி அத்தனைக்கும் காரணமானது.

அறிவியல் நமக்குக் கருவிகளைத் தந்துவிட்டது. மீதி நம் பழக்கம். ஒருவர் பிரிவு மாறும்போது புதிய உரிமையைக் கேட்டு வாங்குகிறார். பழையதை யாரும் திரும்பப் பெறுவதில்லை. பத்து ஆண்டுகள் பல பிரிவுகளில் உழைத்தவரிடம், தலைமை அதிகாரியிடம்கூட இல்லாத அளவு உரிமை சேர்ந்திருக்கும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவருடைய பாஸ்வேர்டைத் திருடியவர் அப்படி இருக்க மாட்டார்.

கட்டுப்பாடு என்றாலே ‘என்னை நம்பவில்லையா?’ என்று ஊழியர்கள் வருந்துவதுண்டு. அவர்களுக்கு ஒன்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். சம்பள ஃபோல்டரைத் திறக்கவே முடியாதவர்மீது, அது கசிந்த நாளில் யாரும் சந்தேகப்பட முடியாது. எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் அலுவலகத்தில்தான் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். ஆளுக்கொரு கணக்கும் அளவான உரிமையும் ஊழியருக்கே பாதுகாப்பு. அதே சமயம், நியாயமாகத் தேவைப்படும் உரிமையைக் கேட்டால் அன்றைக்கே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பக்கத்து மேசைக்காரரின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கத்தான் செய்வார். சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975லேயே இதை எச்சரித்துவிட்டார்கள்.

உங்கள் அலுவலகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மூன்று வேலைகளை இந்த மாதமே செய்யுங்கள். ஒரு தாளில் பொறுப்புகளையும் அவற்றுக்குத் தேவையான உரிமைகளையும் எழுதுங்கள். இப்போது இருக்கும் கணக்குகளின் பட்டியலை எடுத்து, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை முடக்குங்கள். அட்மின் உரிமை யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, வேலைக்குத் தேவைப்படாதவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே மறுபடி செய்யுங்கள். இதற்குப் புதிய மென்பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் போதும்.